மார்த்தா: கோப்பை வென்ற அணிகளும் கலைந்துபோன அணிகளும்

2011 ஜனவரி 10-ஆம் தேதி சூரிச் நகரில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விருது விழா நடந்தது. பிரேசிலின் மார்த்தா உலகின் சிறந்த வீராங்கனை விருதைத் தொடர்ந்து ஐந்தாவது முறையாக வாங்கினார். அதுவரை ஆணோ பெண்ணோ யாரும் அந்த விருதைத் தொடர்ந்து ஐந்து வருடம் வாங்கியதில்லை. அதற்கு முந்தைய 2010 சீசனில் அவர் கலிஃபோர்னியாவின் எஃப்சி கோல்ட் பிரைட் அணிக்காக ஆடினார். அந்த அணி லீக்கில் முதலிடம் பிடித்தது, இறுதிப் போட்டியில் 4-0 என்று ஜெயித்தது. அந்த சீசன் முழுக்க மார்த்தா மட்டும் 19 கோல் போட்டார். ஆனால் விழா நடந்த அன்று அந்த கிளப்பே இல்லை. சாம்பியன் பட்டம் வாங்கிய கையோடு, முந்தைய நவம்பரில் அதை இழுத்து மூடிவிட்டார்கள்.

மார்த்தாவின் கதையைப் பொதுவாக எப்படிச் சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஏழைக் குடும்பத்துப் பெண், வெறுங்காலோடு தெருவில் பந்து உதைத்தவர், உழைப்பால் உச்சிக்குப் போனார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய கிளப் வாழ்க்கையை வருடவாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால், அந்தக் கதைக்குள் அடங்காத ஒன்று கண்ணில் படுகிறது. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், தன் உச்சமான வயதின் ஒரு பகுதியில், ஒரே இடத்தில் இரண்டு சீசன் நிம்மதியாக ஆட முடியாமல் அலைந்திருக்கிறார். அவர் மோசமாக ஆடியதால் இல்லை, அணி தோற்றதாலும் இல்லை. ஜெயித்த அணிகளே அவர் காலடியில் கலைந்துகொண்டிருந்தன. திறமையும் வெற்றியும் இருந்தும் அணிகள் ஏன் நிற்கவில்லை, அந்த நிலையில் ஒரு ஆட்டக்காரர் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

தடை நீங்கி ஏழாவது வருடம்

மார்த்தா வியெய்ரா த சில்வா 1986 பிப்ரவரி 19-இல் பிரேசிலின் வடகிழக்கில், அலகோவாஸ் மாநிலத்தின் தோயிஸ் ரியாஷோஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா தெரேசா வேலைக்குப் போய் நான்கு பிள்ளைகளை வளர்த்தார்.

அந்தப் பிறந்த வருடம் முக்கியமானது. 1941-இல் அன்றைய அதிபர் கெத்தூலியோ வர்காஸ் ஆட்சி கொண்டுவந்த ஒரு சட்டம், பெண்கள் தங்கள் இயல்புக்குப் பொருந்தாத விளையாட்டுகளில் ஈடுபடக் கூடாது என்றது. 1965-இல் ராணுவ ஆட்சியின் விளையாட்டுக் குழு அந்தப் பட்டியலில் கால்பந்தைப் பெயர் சொல்லியே சேர்த்தது. தடை நீங்கியது 1979-இல். அதாவது பெலே மூன்று உலகக் கோப்பை வென்ற காலம் முழுக்க, அதே நாட்டில் ஒரு பெண் கால்பந்து ஆடுவது சட்டப்படி தவறு. மார்த்தா பிறக்கும்போது தடை போய் ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. சட்டம் போன வேகத்தில் மனசு மாறுமா? ஊரில் பையன்களோடு ஆடிய ஒரே பெண் அவர். ஒரு போட்டியில் எதிரணிப் பயிற்சியாளர், அந்தப் பெண் ஆடினால் தன் அணியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சண்டை போட்டதைப் பின்னாளில் மார்த்தாவே சொல்லியிருக்கிறார்.

பதினான்கு வயதில் பஸ் ஏறி, ஏறக்குறைய மூன்று நாள் பயணம் செய்து ரியோ டி ஜெனிரோவுக்குப் போனார். வாஸ்கோ ட காமா கிளப்பில் தேர்வு. பெண்கள் அணியைக் கவனித்துவந்த பயிற்சியாளர் எலேனா பஷேகோ அவரைச் சேர்த்துக்கொண்டார். பிரேசிலின் பெரிய கிளப்களில் ஒன்று வாஸ்கோ. அங்கே இடம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இரண்டு வருடத்துக்குள் வாஸ்கோ தன் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டது. மார்த்தா மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் சாண்டா குரூஸ் என்ற சின்ன கிளப்புக்குப் போனார்.

பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் முன்மாதிரி இந்த முதல் மூடல். வாஸ்கோ என்ற கிளப் திவாலாகவில்லை. ஆண்கள் அணி வழக்கம்போல ஆடியது, மைதானம் இருந்தது, ரசிகர்கள் இருந்தார்கள். நிறுத்தியது பெண்கள் பிரிவை மட்டும்தான். செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தால் முதலில் கை வைக்கும் இடம் அது.

ஊமியோ: நின்ற ஒரு இடம்

2003 உலகக் கோப்பையில் பதினேழு வயது மார்த்தா மூன்று கோல் போட்டார். பிரேசில் காலிறுதியில் ஸ்வீடனிடம் தோற்றது. சார்ஸ் நோய் காரணமாகச் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு மாற்றப்பட்ட போட்டி அது. தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் அமெரிக்காவின் தொழில்முறை பெண்கள் லீக் மூன்றே சீசனோடு கடையைக் கட்டியிருந்தது. அந்தக் கோடையில் பெண்கள் கால்பந்தில் பிழைக்க நினைத்த ஒருவருக்கு இருந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று ஸ்வீடன்.

ஊமியோ ஸ்டாக்ஹோமிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வடக்கே இருக்கிற பல்கலைக்கழக ஊர். குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் சில மணி நேரம்தான். வடகிழக்கு பிரேசிலின் வெயிலில் வளர்ந்த பெண் 2004-இல் அங்கே போய் இறங்கினார். மொழி தெரியாது, தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த ஊரின் கிளப் அப்போது ஐரோப்பாவின் முன்னணி பெண்கள் அணி. சேர்ந்த வருடமே ஐரோப்பியக் கோப்பையின் இரண்டு கட்ட இறுதிப் போட்டியில் ஃபிராங்க்ஃபர்ட்டை மொத்தம் 8-0 என்று ஊமியோ அடித்து நொறுக்கியது. 2005 முதல் 2008 வரை நான்கு வருடமும் ஸ்வீடன் லீக் பட்டம் ஊமியோவுக்குத்தான். லீக்கில் 103 ஆட்டங்களில் 111 கோல் என்பது அங்கே மார்த்தாவின் கணக்கு.

கோல் கணக்கை விட எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு. அந்த ஐந்து வருடத்தில் அவருக்கு மாதாமாதம் சம்பளம் வந்தது, அடுத்த சீசன் அணி இருக்கும் என்ற உறுதி இருந்தது, பக்கத்தில் ஹன்னா யுங்பேரி போன்ற உலகத்தர ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஸ்வீடிஷ் மொழியைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டார். பிற்பாடு 2017-இல் ஸ்வீடன் குடியுரிமையும் பெற்றார். 2006 முதல் அவர் வாங்கிய விருதுகளுக்கு அடித்தளம் போட்டது இந்த நிம்மதி. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது வரை ஒரே அணியில் இருந்ததால்தான், நாம் யூடியூபில் பார்க்கும் அந்த மார்த்தா உருவானார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த மார்த்தாவைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே ஒரு கோல் போதும். 2007 செப்டம்பர் 27, சீனாவின் ஹாங்சௌ நகரம், உலகக் கோப்பை அரையிறுதி, எதிரே அமெரிக்கா. இடது பக்கம், பெனால்டி பாக்ஸின் ஓரத்தில் பந்து வருகிறது. அவர் கோலுக்கு முதுகு காட்டி நிற்கிறார். பின்னால் ஒரு டிஃபென்டர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். மார்த்தா இடது காலால் பந்தைத் தட்டித் தூக்கி டிஃபென்டரின் ஒரு பக்கமாக அனுப்பிவிட்டு, தான் மறுபக்கமாகச் சுற்றி ஓடிப் பந்தைப் பிடிக்கிறார். அடுத்த டிஃபென்டர் ஓடி வரும்போது உள்பக்கமாக வெட்டி, வலது காலால் வலைக்குள் அடிக்கிறார். அவர் இடது கால்காரர் என்பதை நினைவில் வைத்து இன்னொரு முறை பாருங்கள். பிரேசில் 4-0. அந்த உலகக் கோப்பையில் ஏழு கோல். சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி இரண்டும் அவருக்கே. இறுதியில் ஜெர்மனியிடம் 2-0 தோல்வி. மார்த்தா அடித்த பெனால்டியை ஜெர்மன் கோல்கீப்பர் நாடினே ஆங்கரர் தடுத்தார்.

பதக்கம் வாங்கிய மேடையில் பிரேசில் வீராங்கனைகள் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 'பிரேசிலே, எங்களுக்கு ஆதரவு தேவை' என்று போர்த்துகீசிய மொழியில் எழுதியிருந்தது. உலகின் இரண்டாவது இடத்துக்கு வந்த அணிக்கு அப்போது சொந்த நாட்டில் நிலையான தேசிய லீக் கிடையாது. அந்த வருடம்தான் பெண்களுக்கான பிரேசில் கோப்பை தொடங்கியது. முறையான தேசிய லீக் வர 2013 ஆனது.

அமெரிக்கா: மூன்று சீசன், மூன்று அணி

2009-இல் அமெரிக்காவில் ஏழு அணிகளோடு புதிய தொழில்முறை லீக் தொடங்கியது. அதன் முகமாக மார்த்தாவைக் கொண்டுவந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் சோல் அவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் டாலர் தருவதாகச் செய்திகள் வந்தன. அதே லீக்கில் ஒரு சராசரி ஆட்டக்காரரின் சம்பளம் 30 ஆயிரம் டாலரை ஒட்டித்தான் இருந்தது என்றும் அதே செய்திகள் சொல்லின.

சோல் லீக்கில் முதலிடம் பிடித்தது. மார்த்தாதான் அதிக கோல் போட்டவர். இறுதிப் போட்டியில் ஸ்கை ப்ளூ அணியிடம் 1-0 என்று தோற்றார்கள். டிசம்பரில் மார்த்தா நான்காவது முறையாக உலக விருது வாங்கினார். அடுத்த மாதம் சோல் மூடப்பட்டது. அணியை நடத்திய நிறுவனம் விலகியது, புது உரிமையாளர் கிடைக்கவில்லை. ஆட்டக்காரர்களை மற்ற அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்க டிராஃப்ட் நடந்தது. முதல் வாய்ப்பு இருந்த எஃப்சி கோல்ட் பிரைட் மார்த்தாவை எடுத்துக்கொண்டது.

கோல்ட் பிரைட்டின் கதையை மேலே பார்த்துவிட்டோம். அப்புறம் 2011-இல் வெஸ்டர்ன் நியூயார்க் ஃபிளாஷ். அதுவும் சாம்பியன், இறுதிப் போட்டியில் பெனால்டி ஷூட்அவுட்டில் வெற்றி. இந்த முறை கலைந்தது அணி இல்லை, லீக்கே. ஒரு அணியின் உரிமையாளரோடு ஏற்பட்ட தகராறு நீதிமன்றம் வரை போனது. 2012 சீசனை நிறுத்திவைக்கிறோம் என்று ஜனவரியில் அறிவித்தார்கள், மே மாதம் லீக் முற்றிலும் முடிந்தது.

அப்போதும் பின்னாலும் ஒரு வாதம் அடிக்கடி கேட்கிறது. மார்த்தாவின் சம்பளம்தான் இந்த அணிகளைச் சாய்த்தது என்பார்கள். நான் இதை ஏற்கவில்லை. அவரை ஒருபோதும் வாங்காத செயின்ட் லூயி அணி 2010 மே மாதம், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே மூடப்பட்டது. அந்த வருட முடிவில் சிகாகோ அணியும் லீக்கை விட்டு விலகியது. நோய் ஒரு ஆளின் சம்பளத்தில் இருந்திருந்தால் மற்ற இடங்களில் அது வந்திருக்காது. உண்மையான காரணங்கள் வேறு. டிவி உரிமையிலிருந்து சொல்லிக்கொள்ளும்படி பணம் வரவில்லை. பல அணிகளுக்குச் சொந்த மைதானம் இல்லை, வாடகை கட்டினார்கள் அல்லது கல்லூரி மைதானத்தில் ஆடினார்கள். சாம்பியன் ஆன கோல்ட் பிரைட்டே 2010-இல் ஆடியது ஒரு பல்கலைக்கழக மைதானத்தில்தான். 2008 நிதி நெருக்கடிக்கு மறுவருடம் தொடங்கிய லீக் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு அணியும் ஒரு உரிமையாளரின் பொறுமையை மட்டும் நம்பி இருந்தது. அவர் கையை விரித்தால் அடுத்த நாள் அணி இல்லை.

ஆண்கள் கிளப் நஷ்டத்தில் போனால் என்ன நடக்கும்? வீரர்களை விற்பார்கள், கீழ் லீக்குக்கு இறங்குவார்கள், வேறு யாராவது வாங்குவார்கள். பெயரும் மைதானமும் ரசிகர்களும் அப்படியே இருப்பார்கள். பெண்கள் கிளப்புக்கு அந்த இடைப்பட்ட நிலை எதுவும் இல்லை. ஒன்று சாம்பியன், இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. கோல்ட் பிரைட் ஒரே வருடத்தில் இரண்டாகவும் இருந்தது.

பிரேசிலிலும் நிலைமை மாறவில்லை. 2009-இல் அமெரிக்க சீசன் முடிந்ததும் மார்த்தா கடனாக, அதாவது தற்காலிகமாக, சாண்டோஸ் கிளப்புக்குப் போனார். பெலேயின் கிளப் அது. தென் அமெரிக்க கிளப்களுக்கான லிபர்டடோரஸ் கோப்பையின் முதல் பெண்கள் பட்டத்தை சாண்டோஸ் வென்றது, இறுதியில் 9-0. அந்த வெற்றியின் சூடு தணிய மூன்று வருடம்கூட ஆகவில்லை, 2012 ஜனவரியில் செலவைக் காரணம் காட்டிப் பெண்கள் அணியைக் கலைத்தார்கள். அதே சாண்டோஸில் அப்போது நெய்மார் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுக்கும் பணத்தையும் பெண்கள் அணியின் முழு வருடச் செலவையும் பத்திரிகைகள் பக்கத்தில் வைத்துப் பேசின. 2015-இல்தான் சாண்டோஸ் மறுபடி பெண்கள் அணியை ஆரம்பித்தது.

லிஸ்பனில் ஒரு இரவு

2012-இல் மார்த்தா ஸ்வீடனுக்குத் திரும்பினார். ஸ்டாக்ஹோம் புறநகரான தீரேசோவின் அணி அப்போது பெரிய பெயர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஸ்பெயினின் வேரோ போகெத்தே, ஸ்வீடனின் கரோலின் சேகர், பிறகு அமெரிக்காவின் கிறிஸ்டன் பிரஸ். முதல் வருடமே லீக் பட்டம். கடைசி ஆட்டத்தில் மால்மோவை 1-0 என்று ஜெயித்து, கோல் வித்தியாசத்தில் கிடைத்த பட்டம் அது.

ஆனால் வரவுக்கு மேல் செலவு போய்க்கொண்டிருந்தது. 2014 வசந்தத்தில் கடன் கழுத்தை நெரித்தது. அதே நேரத்தில் அணி ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கும் வந்துவிட்டது. மே 22, லிஸ்பனின் ரெஸ்தேலோ மைதானம், எதிரே நடப்பு சாம்பியன், ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க். இந்த கிளப் இன்னும் எத்தனை வாரம் உயிரோடு இருக்கும் என்று தெரியாமலேயே தீரேசோ வீராங்கனைகள் களம் இறங்கினார்கள்.

28-ஆவது நிமிடம் மார்த்தா கோல். இரண்டு நிமிடம் கழித்து போகெத்தே. இடைவேளையில் 2-0. இரண்டாம் பாதி தொடங்கி எட்டு நிமிடத்துக்குள் ஜெர்மன் அணி இரண்டையும் திருப்பிக் கொடுத்தது. உடனே மார்த்தா மறுபடி, 3-2. அந்தக் கோலில் அவர் உடம்பில் இருந்த அவசரத்தைப் பார்க்க வேண்டும், ஒரு கிளப்பையே தனியாக இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார் என்று தோன்றும். முடியவில்லை. வொல்ஃப்ஸ்பர்க் இன்னும் இரண்டு கோல் போட்டு 4-3 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

அடுத்த மாதமே தீரேசோ லீக்கிலிருந்து விலகியது. அந்த சீசனில் அது ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன. ஐரோப்பாவின் இறுதிப் போட்டியில் ஆடிய அணி, சொந்த நாட்டு லீக் பட்டியலில் அந்த வருடம் ஆடியதற்கான சுவடே இல்லாமல் போனது.

மார்த்தாவின் தோல்விகள் என்று பேசும்போது பலரும் 2007 பெனால்டியைச் சொல்வார்கள். எனக்கு லிஸ்பன்தான் மனதை அறுக்கிறது. அந்த இரவு இறுதிப் போட்டியில் இரண்டு கோல் அடிப்பதைத் தவிர ஒரு ஆட்டக்காரர் செய்ய வேறு எதுவும் மிச்சமில்லை. அவர் அதைச் செய்தார். கிளப்பைக் காப்பாற்றுவது அவர் காலில் இல்லை.

அதன் பின் மால்மோ நகரின் ரூசெங்கோர்டு அணியில் 2014 நடுவிலிருந்து 2017 வரை இருந்தார். பழைய, நிதானமான கிளப். இரண்டு லீக் பட்டம், அலைச்சல் இல்லாத மூன்று வருடம்.

பூட்ஸில் ஒரு சமன் குறி

கிளப் மாறினாலும் மாறாத ஒன்று தேசிய அணி. ஒலிம்பிக்கில் 2004, 2008, 2024 என மூன்று வெள்ளி. ஆறு உலகக் கோப்பை, 17 கோல். ஆண்கள், பெண்கள் இருவரையும் சேர்த்தாலும் உலகக் கோப்பையில் இதற்கு மேல் கோல் போட்டவர் இல்லை. 16 கோலோடு இருந்த ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசாவை அவர் தாண்டியது 2019-இல், இத்தாலிக்கு எதிரான பெனால்டியில்.

அந்த 2019 போட்டியில் அவர் காலில் எந்த கம்பெனியின் பெயரும் இல்லை. அவரோடு முன்பு இருந்த ஸ்பான்சர் ஒப்பந்தம் முடிந்திருந்தது. புதிதாக வந்த தொகைகள் தன் தகுதிக்குக் குறைவு என்று மறுத்துவிட்டு, கறுப்பு பூட்ஸில் இளஞ்சிவப்பும் நீலமுமாக, ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்லும் ஒரு சமன் குறியைப் போட்டுக்கொண்டு களம் இறங்கினார். மோன்பெலியேயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக கோல் அடித்ததும் காலைத் தூக்கி அந்தக் குறியைக் கேமராவுக்குக் காட்டினார்.

அந்தக் குறி கொள்கை மட்டும் இல்லை, தொழில் கணக்கும்கூட. உலக விருதை ஆறு முறை வாங்கிய ஒருவருக்கு (ஆறாவது 2018-இல்) பூட்ஸ் கம்பெனி நியாயமான விலை சொல்லவில்லை என்றால், அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஆட்டக்காரருக்கு என்ன கிடைத்திருக்கும்? கிளப் ஒரு சீசன் இருக்கும், அடுத்த சீசன் இருக்காது என்ற உலகத்தில் ஸ்பான்சர் பணம்தான் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பைத் தன் பெயருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஆட அவரால் முடிந்தது. பெரும்பாலானவர்களால் முடியாது, அது அவர்கள் குற்றமும் இல்லை.

பத்து நாள் கழித்து லு ஹாவ்ரில் பிரான்ஸிடம் கூடுதல் நேரத்தில் தோற்றபின், கேமராவை நேராகப் பார்த்துப் பிரேசில் சிறுமிகளிடம் பேசினார். தன் அணித் தோழிகள் ஃபோர்மிகாவும் கிறிஸ்டியானேயும் எப்போதும் இருக்க மாட்டார்கள், மார்த்தாவும் இருக்க மாட்டார், பெண்கள் கால்பந்து பிழைப்பது உங்கள் கையில் இருக்கிறது என்றார். முடிவில் சிரிக்க வேண்டுமானால் தொடக்கத்தில் அழுதாக வேண்டும் என்றும் சொன்னார். உலகமே அதை உருக்கமான பேச்சாகப் பகிர்ந்தது. எனக்கு அது ஓர் எச்சரிக்கையாகக் கேட்டது. தன் காலடியில் வாஸ்கோவும் சோலும் கோல்ட் பிரைட்டும் தீரேசோவும் மறைவதைப் பார்த்தவர் 'பிழைப்பது' என்ற சொல்லைச் சும்மா போடவில்லை.

பேச்சோடு விதிகளும் நகர்ந்தன. ஆண்கள் லிபர்டடோரஸில் ஆட வேண்டும் என்றால் கிளப்புக்குப் பெண்கள் அணி இருந்தே ஆக வேண்டும் என்று தென் அமெரிக்கக் கூட்டமைப்பு போட்ட நிபந்தனை 2019 முதல் அமலானது. 2020 செப்டம்பரில் தேசிய அணிப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தினப்படி ஒன்றுதான் என்று பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது. முதல் விதியின் பலன் பெரியது என்று நினைக்கிறேன். பெண்கள் அணியை மூடினால் ஆண்கள் அணிக்கு அடி விழும் என்று வைத்ததும், வாஸ்கோவும் சாண்டோஸும் முன்பு செய்ததைப் போல ஒரு கையெழுத்தில் மூடிவிட முடியாமல் ஆனது. நல்ல மனசை நம்பாமல் கணக்கை மாற்றிய விதி அது.

ஒர்லாண்டோ

2017-இல் மார்த்தா ஒர்லாண்டோ பிரைடில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 31 வயது. இந்த அமெரிக்க லீக் 2013-இல் தொடங்கியது, முந்தைய இரண்டும் மூன்று மூன்று சீசனில் முடிந்தன. அவர் சேரும்போதே இது நான்கு சீசனைத் தாண்டியிருந்தது.

முதல் வருடம் நன்றாகப் போனது. அதற்குப் பிறகு நீண்ட வறட்சி. 2018 முதல் 2023 வரை அணி பிளே-ஆஃப் சுற்றுக்கே போகவில்லை. 2022 மார்ச்சில் முழங்கால் தசைநார் கிழிந்து முழு சீசனும் போனது. 36 வயதில் அந்தக் காயம் வந்தால் ஓய்வு என்றுதான் பலரும் எழுதுவார்கள். இங்கேதான் ஊமியோவுக்கும் கோல்ட் பிரைட்டுக்கும் நடுவிலான வித்தியாசம் மறுபடி தெரிகிறது. தோற்றுக்கொண்டிருந்த அணி கலையவில்லை. 2021-இல் உரிமையாளர் மாறினார்கள், அணி நின்றது. மார்த்தா குணமாகித் திரும்ப ஒரு இடம் இருந்தது. ஒரு கிளப் தோற்றுக்கொண்டே பல வருடம் உயிரோடு இருப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அவர் வாழ்க்கையில் அது கோப்பைகளை விட அரிதாகக் கிடைத்தது.

ஆட்டத்தையும் மாற்றிக்கொண்டார். வேகம் குறைந்தபோது முன்வரிசையிலிருந்து பின்னால் இறங்கி, நடுக்களத்திலிருந்து பாஸ் கொடுப்பவராக ஆனார். 2023 உலகக் கோப்பையில் மெல்போர்னில் ஜமைக்காவோடு 0-0 ஆகி பிரேசில் முதல் சுற்றிலேயே வெளியேறியபோது, கதை இதோடு சரி என்று நானும் நினைத்தேன்.

2024-இல் ஒர்லாண்டோ 26 ஆட்டங்களில் இரண்டே தோல்வியோடு லீக்கில் முதலிடம் பிடித்தது. அரையிறுதி கான்சஸ் சிட்டியோடு. 38 வயது மார்த்தா பந்தோடு பாக்ஸுக்குள் நுழைகிறார், இரண்டு டிஃபென்டர்களை ஏமாற்றித் தரையில் விழ வைக்கிறார், முன்னேறி வந்த கோல்கீப்பரையும் சுற்றிப் போய் கோல் போடுகிறார். நவம்பர் 23-இல் இறுதிப் போட்டி, வாஷிங்டனுக்கு எதிராக 1-0, கோல் ஸாம்பியாவின் பார்ப்ரா பண்டா. ஆட்டம் நடந்த கான்சஸ் சிட்டி மைதானம், ஒரு தொழில்முறை பெண்கள் அணிக்கென்றே கட்டிய முதல் மைதானம். கல்லூரி மைதானத்தில் சாம்பியன் ஆனவருக்குப் பதினான்கு வருடம் கழித்து அங்கே கோப்பை. கோப்பை வென்ற அணி அடுத்த வருடமும் இருந்தது, மார்த்தாவோடு புது ஒப்பந்தமும் போட்டது.

தேசிய அணியிலிருந்து விலகியிருந்தவர் 2025-இல் திரும்பினார். ஆகஸ்ட் 2, கீட்டோ, தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா இறுதி, கொலம்பியா 3-2 என்று முன்னால். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய மார்த்தா காயத்துக்கான கூடுதல் நிமிடங்களில், பாக்ஸுக்கு வெளியிலிருந்து இடது காலால் அடித்து 3-3 ஆக்கினார். கூடுதல் நேரத்தில் இன்னொன்று. கொலம்பியா 4-4 ஆக்கியது. ஷூட்அவுட்டில் அவர் அடித்த பெனால்டி தடுக்கப்பட்டது, பிரேசில் 5-4 என்று ஜெயித்தது.

மார்த்தாவிடம் உலகக் கோப்பை இல்லை, ஒலிம்பிக் தங்கம் இல்லை. இந்த இரண்டையும் வைத்து அவர் வாழ்க்கையில் குறை காண்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிரேசில் பெண்கள் அணிக்குப் பின்னால் 2007-இல் தேசிய லீக் கிடையாது. அன்று இறுதியில் ஜெயித்த ஜெர்மனிக்கு 1990 முதல் பெண்கள் பன்டெஸ்லீகா என்ற தேசிய லீக் இருந்தது. அந்தப் பதினேழு வருட இடைவெளியை மார்த்தா போன்ற சிலரின் கால்கள் ஓர் இறுதிப் போட்டி வரை ஈடுகட்டின. கடைசி ஆட்டத்தையும் அவர்களே ஜெயித்துத் தந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. 2027 பெண்கள் உலகக் கோப்பை பிரேசிலில், எட்டு நகரங்களில் நடக்கப்போகிறது. தென் அமெரிக்காவில் அது நடப்பது முதல் முறை. சொந்த நாட்டு லீக்கில் வருடம் முழுக்க ஆடும் வீராங்கனைகள் பலரோடு பிரேசில் அதில் இறங்கும்.